வெண்ணெய்க் கண்ணும் சுண்ணாம்புக் கண்ணும்

"ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு" என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழமொழி. பெற்ற மக்களுள் ஒருவனைச் சீராட்டி மற்றவனைப் புறக்கணிக்கும் தாயையும், ஒரு பக்கம் சாயும் நடுவரையும், ஓரூருக்கு அள்ளிக் கொடுத்து மற்றோர் ஊரை மறந்துவிடும் ஆட்சியாளரையும் கண்டிப்பதற்கு நாம் இதனை எடுத்தாள்கிறோம். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அம்மொழியின் பின்பாதியைச் சொல்லுக்குச் சொல் எண்ணிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? உண்மையாகவே ஒரு கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன நேர்கிறது? அதற்கு நாம் செய்யத்தக்கது யாது? உவமையாக மட்டுமே நாம் அறிந்துள்ள அத்துன்பம், நம் வீடுகளில் நாள்தோறும் காத்திருக்கும் ஒரு மெய்யான துன்பம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரிக்கரையும் சுண்ணாம்பும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரிப் பகுதியில் சுண்ணாம்புக்குளம் என்றோர் ஊர் உண்டு. பெயரிலேயே சுண்ணாம்பைத் தாங்கி நிற்கும் ஊர் அது. ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் அவ்வேரி, மீனும் இறாலும் நண்டும் தந்து கரையோர மக்களைக் காத்து வருகிறது. அதன் அடியில் கிளிஞ்சல் படிவுகளும் உண்டு. கிளிஞ்சலை வாரியெடுத்துக் காளவாயில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது நம் கடற்கரையோரங்களில் வழிவழியாக நடந்துவந்த தொழில். அந்தச் சுண்ணாம்பே சுவருக்கு வெள்ளையாயிற்று; கட்டடத்திற்குச் சாந்தாயிற்று; வெற்றிலைக்குத் துணையாயிற்று.

ஆகவே சுண்ணாம்பு நமக்கு அயற்பொருளன்று. திருமண வீட்டுத் தாம்பாளத்தில் இருப்பதும் அதுவே. பெரியவர்களின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதும் அதுவே. பண்டிகைக்கு முன் வீட்டு வாசலில் பானையில் ஊறிக் கொண்டிருப்பதும் அதுவே. பழகிய பொருளிடம் நமக்கு அச்சம் இருப்பதில்லை. அந்த அச்சமின்மையே இங்கே பகையாகிறது.

விழியின் அமைப்பு

சுண்ணாம்பு செய்யும் கேட்டினை உணர வேண்டுமாயின், கண்ணின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். கருவிழியின் முன்னே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலப் பதிந்திருக்கும் தெளிந்த படலத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் விழிவெண்படலம் என்கின்றன. மருத்துவர்கள் கார்னியா என்பர். அதன் குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் தடிப்போ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் ஒன்றும் இல்லை. அதனாலேயே அது பளிங்குபோல் இருக்கிறது.

அத்தெளிவை இரண்டு காவல்கள் காக்கின்றன. ஒன்று உட்புறக் காவல். படலத்தின் உட்பரப்பில் ஒற்றை வரிசையாக அமைந்த உயிரணுக்கள், உள்ளே கசியும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றுகின்றன. படகில் ஊறும் நீரை மீனவர் இறைத்துக்கொண்டே இருப்பது போன்ற பணி இது. வளர்ந்த ஒருவருக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2500 அணுக்கள் இருக்கும். இவை மாண்டால் மனிதருக்கு மீண்டும் தாமாக முளைப்பதில்லை. முதுமை, பிறவிக்கூறு, விபத்து, சிற்சில வேளைகளில் கண்புரை அறுவை ஆகியவற்றால் இவற்றின் எண்ணிக்கை 500-க்கும் கீழே போகும்போது, இறைப்பதற்கு ஆளின்றி நீர் தேங்குகிறது, படலம் வீங்குகிறது. இதுவே நாட்பட்ட விழிவெண்படல வீக்கம். இவ்வீக்கம் உடையோர்க்குத் தொடக்கத்தில் காலையில் பார்வை மங்கி, பகல் ஏற ஏறத் தெளியும். இரவெல்லாம் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை என்பதே அதற்குக் காரணம்.

மற்றொன்று வெளிப்புறக் காவல். விழிவெண்படலத்தின் மேற்தோல் தேய்ந்து உதிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் புதிதாகிவிடுகிறது. அப்புதுத் தோலுக்கு வித்து எங்கே இருக்கிறது? கருவிழியும் வெண்விழியும் கூடும் வட்டமான விளிம்பில் இருக்கிறது. லிம்பஸ் எனப்படும் அவ்விளிம்பில் குடியிருக்கும் குருத்தணுக்களே, அதாவது ஸ்டெம் செல்களே, வாழ்நாள் முழுதும் புதிய அணுக்களை ஈன்று நடுப்பகுதிக்கு அனுப்பிவைக்கின்றன. வெண்விழியின் தோலும் இரத்தக் குழாய்களும் எல்லை தாண்டி உள்ளே புகாதபடி வேலியாக நிற்பவையும் அவையே. நீரில் பட்டுத் திரும்பும் வெயிலை நாளெல்லாம் முகத்தில் ஏற்கும் மீனவர் பலருக்குக் கண்ணோரத்துச் சதை கருவிழியின்மேல் படர்வதை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர்கள் முதன்மையான காரணம் எனக் கருதப்படுகிறது. வேலி ஓரிடத்தில் நலிந்தாலே இத்துணை. வேலி முழுதும் அழிந்தால் நிலை என்னவாகும்?

சுண்ணாம்பு செய்யும் கேடு

அழிப்பதற்குச் சுண்ணாம்பு போதும். அமிலம் கண்ணில் பட்டால் அது புரதத்தை உறையச் செய்கிறது. உறைந்த அப்படலமே ஓரளவு தடையாகி, அமிலம் மேலும் ஆழத்துக்குப் போகாமல் தடுத்துவிடுவதுண்டு. காரம் அப்படியன்று. அது அணுக்களின் கொழுப்புச் சுவரைச் சோப்பாகக் கரைத்து வழியமைத்துக்கொண்டு உள்ளே உள்ளே செல்கிறது. சுண்ணாம்போ காரம் மட்டுமன்று, துகளும் ஆகும். மேலிமையின் அடியில் ஒட்டிக்கொண்ட ஒரு சிறு கட்டி, எடுக்கப்படும் வரையில் கரைந்து கரைந்து எரித்துக்கொண்டே இருக்கும். விளிம்பின் குருத்தணுக்கள் சாகின்றன, வேலி விழுகிறது, இரத்தக் குழாய்கள் விழிவெண்படலத்தின்மீது கொடியோடுகின்றன. ஆழம் மிகுந்தால் உள்ளே நீரிறைக்கும் அணுக்களும் மடிய, வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. பளிங்காக இருந்த கண், சுண்ணாம்பு பூசிய சுவர் போலாகிறது.

இவ்விபத்து காளவாயிலும் கட்டட வேலையிலும் நேர்வது உண்மை. ஆயினும் நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. வெற்றிலைச் சுண்ணாம்பு இன்று மெல்லிய பிளாஸ்டிக் பொட்டலங்களில் அடைக்கப்பட்டுப் பெட்டிக்கடைகளில் தொங்குகிறது. தாத்தாவுக்காகக் கடைக்குச் செல்லும் பேரன் வழியிலேயே அதனை அழுத்திப் பார்க்கிறான்; பல்லால் கடித்துப் பிரிக்கிறான்; அது வெடித்து முகத்தில் பீறிடுகிறது. தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் 2003-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் இப்பொட்டலங்களின் ஆபத்தைக் குறித்து எச்சரித்தனர். நம் பாட்டன்மார் உலோகக் கரண்டகத்தில் மூடி போட்டுச் சுண்ணாம்பை வைத்திருந்தனர். அதனை அழுத்தினாலும் பீறிடாது. பழமையை விட்டு நாம் புதுமைக்கு மாறியதில் இழந்த காப்பு இது என்று சொன்னால் மிகையாகாது.

கண் மாற்றினால் போதாதா?

"போனால் என்ன, இப்பொழுதுதான் கண்தானம் இருக்கிறதே; வேறு கண் வைத்துவிடலாமே" என்று படித்தவர்களும் கூறக் கேட்கிறோம். கண்தானம் உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றான, 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில், இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் உருவாயிற்று என்பது தமிழகத்தின் பெருமை. இன்னும் ஒரு வியப்பு உண்டு. மனிதருக்குச் செய்யப்பட்ட முதல் வெற்றிகரமான விழிவெண்படல மாற்று, 1905 திசம்பர் 7-ஆம் நாள், இன்று செக் குடியரசில் உள்ள ஓலமோட்சு நகரில், எடுவர்டு சிர்ம் என்னும் மருத்துவரால் நிகழ்த்தப்பெற்றது. அந்நோயாளி அலோய்சு குளோகர் என்னும் தொழிலாளி. அவருடைய கண்களைப் பறித்தது சுண்ணாம்பே! இரு கண்களிலும் மாற்றுப் படலம் வைக்கப்பட்டது. ஒரு கண்ணில் அது தெளிவாக நின்றது. அவர் மீண்டும் தம் வேலைக்குத் திரும்பினார்.

ஆனால் இந்த வெற்றியைக் கொண்டு எல்லாச் சுண்ணாம்புக் கண்ணும் மீளும் என்று நம்பிவிடலாகாது. தானமாகப் பெறும் நடுப்படலத்தோடு விளிம்பின் குருத்தணுக்கள் வருவதில்லை. வேலியழிந்த நிலத்தில் நட்ட கன்றுபோல, விளிம்பிழந்த கண்ணில் தைத்த படலத்தின்மீது மீண்டும் இரத்தக் குழாய்கள் படர்ந்து அதனையும் மங்கச் செய்துவிடும். முதலில் வேலி, பிறகே பயிர்.

வேலியை மீண்டும் நட்டவர்கள்

அவ்வேலியை நடும் கலையை மருத்துவ உலகம் கடந்த சில பத்தாண்டுகளில்தான் கற்றது. 1989-இல் அமெரிக்காவில் கென்யான், செங் ஆகியோர் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து விளிம்புத் துண்டுகளை எடுத்துக் கெட்ட கண்ணில் வைத்தனர். நல்ல கண்ணிலிருந்து அதிகம் எடுக்க வேண்டியிருந்தது அதன் குறை. 1997-இல் இத்தாலியின் கிரசியெல்லா பெல்லெக்ரினியும் உடனுழைத்தோரும், நல்ல கண்ணின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்து, ஒரு கண் காரத்தால் எரிந்த இருவருக்குப் பொருத்தினர். அவ்வழியில் சிகிச்சை பெற்ற 112 பேரைப் பற்றி 2010-இல் வெளியான அறிக்கை, நூற்றுக்கு 76-க்கும் மேற்பட்ட கண்களில் மேற்பரப்பு நிலையாக மீண்டதெனத் தெரிவித்தது. ஆனால் அணு வளர்க்கும் ஆய்வகம் ஏழை நாட்டுக்கு எளிதில் எட்டுமா?

அவ்வினாவுக்கு விடை நம் நாட்டிலிருந்தே வந்தது. ஐதராபாத் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர் வீரேந்தர் சங்வானும் உடனுழைத்தோரும் 2012-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். நல்ல கண்ணின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துணுக்கை எடுத்துப் பல நுண்துண்டுகளாக நறுக்கி, எரிந்த கண்ணின்மேல் விரித்த பனிக்குடச் சவ்வின்மீது தூவுவதுபோல் பதித்துவிடுகின்றனர். கருவிலிருந்த குழந்தையைப் போர்த்திய சவ்வு, இங்கே நாற்றங்காலாகிறது. ஆய்வகம் தேவையில்லை, கண்ணே ஆய்வகம். இம்முறையால் சிகிச்சை பெற்ற, ஒரு கண் எரிந்த 125 பேரைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், 95 பேருக்கு மேற்பரப்பு தெளிந்து நின்றது. அந்த 125 பேரில் 60 பேர் குழந்தைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

வெண்ணெய் பெற்ற கண், சுண்ணாம்பு பெற்ற கண்ணுக்குத் தன் விளிம்பில் ஒரு துளியை ஈகிறது. பழமொழி கண்டித்த ஓரவஞ்சனையை மருத்துவம் இவ்வாறு நேர் செய்கிறது. உட்புறக் காவலும் இனிக் கைவிடப்பட்டதன்று. ஆய்வகத்தில் வளர்த்த நீரிறைக்கும் அணுக்களைக் கண்ணுக்குள் ஊசிவழிச் செலுத்தி, வீங்கிய விழிவெண்படலத்தைத் தெளியச் செய்ததை, சப்பானின் கியோத்தோ நகர மருத்துவர் கினோசிதாவின் குழுவினர் 11 நோயாளிகளைக் கொண்டு 2018-இல் காட்டினர். 2023-இல் அந்நாடு அச்சிகிச்சைக்கு ஒப்புதலும் தந்தது.

இவற்றையெல்லாம் போற்றுகிறோம். ஆயினும் இப்போற்றுதலுக்குள் ஒரு கசப்பான உண்மை உண்டு. நல்ல கண் ஒன்று எஞ்சியிருந்தால்தான் அது ஈய முடியும். இரு கண்ணிலும் சுண்ணாம்பு விழுந்தவருக்கு அண்ணன் தம்பியரோ பெற்றோரோ விளிம்புத் துணுக்கு தர வேண்டும். அல்லது இறந்தவர் கண்ணிலிருந்து பெற வேண்டும். பிறர் அணுவை உடல் ஏற்காதாகையால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நெடுங்காலம் உண்ண வேண்டும். கண்ணின் மேற்பரப்பு முழுதும் வறண்டுபோனவருக்கு அதுவும் பயன்படாது. அவருடைய பல்லையே செதுக்கி, அதில் ஒளிக்குழல் பொருத்திக் கண்ணில் பதிக்கும் கடினமான அறுவை ஒன்று உண்டு. சென்னை சங்கர நேத்ராலயாவில் அது செய்யப்பட்டு வருகிறது. சிறு குழந்தைக்கோ, கண்ணைச் சீர்செய்து முடிப்பதற்குள் மூளை அக்கண்ணைப் பயன்படுத்தும் பழக்கத்தைக் கற்காமலே போய்விடக்கூடும்.

முதற்பத்து நிமிடம்

ஆகவே நாம் வலியுறுத்திக் கூற விரும்புவது ஒன்றே. சுண்ணாம்பு பட்ட கண்ணுக்கு முதல் மருத்துவர் ஐதராபாத்திலும் இல்லை, எழும்பூரிலும் இல்லை. அருகில் நிற்பவரே முதல் மருத்துவர். முதல் மருந்து தண்ணீர்.

இங்கேதான் நம் மக்களிடையே ஒரு தடை நிற்கிறது. "சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் தண்ணீர் விடாதே" என்று அஞ்சித் தடுப்பவர்கள் உண்டு. தாய்ப்பால் விடுவோரும், விளக்கெண்ணெய் விடுவோரும் உண்டு. அன்பினால் செய்வதே எனினும், அது துகளை வெளியேற்றாது. பொன்னான நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. அவ்வச்சத்தில் பாதி உண்மையுண்டு. சுட்ட சுண்ணாம்பு நீரை ஏற்றுக் கொதிப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு முன்பே நீற்றப்பட்டது. அது மீண்டும் கொதிப்பதில்லை. சுட்ட சுண்ணாம்பே விழுந்தாலும், கண்ணீரில் நனைந்த கண்ணில் அது அப்போதே வேலையைத் தொடங்கிவிடுகிறது. சிறிது நீர் போதாது. பெருகி ஓடும் நீரே சூட்டையும் துகளையும் காரத்தையும் ஒருங்கே அடித்துச் செல்லும்.

செய்ய வேண்டுவன சிலவே. முகத்தில் ஒட்டிய உலர்ந்த சுண்ணாம்பைத் தட்டிவிடுக. கண்ணைக் கசக்க விடாதீர். இமைகளை விரலால் அகற்றிப் பிடித்து, தூய நீரைக் குவளை குவளையாக, நிறுத்தாமல் ஊற்றுக. குறைந்தது 20 நிமிடமேனும் ஊற்றுக. அரை மணியாயின் இன்னும் நன்று. குழந்தை அலறும், அலறினும் நிறுத்தலாகாது. பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்க; மேலிமையைப் புரட்டி ஒளிந்திருக்கும் துகளை நீக்குவது அவர் பணி. வலி குறைந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடுதல் கூடாது. ஆழ்ந்து எரிந்த கண் சிவக்காமல் வெளுத்து அமைதியாகத் தோன்றுவதும் உண்டு.

நம் கடமை

ஏரிக்கரைச் சிற்றூர்களுக்கு இச்செய்தி பிற ஊர்களைவிட இன்றியமையாதது. நகரத்தில் இருப்பவர் சிறிது நேரத்தில் மருத்துவரை அடையலாம். கரையோரத்து மக்களுக்குப் பேருந்தும் படகும் நேரம் பார்த்துத்தான் கிடைக்கும். மருத்துவமனை தொலைவாக இருக்குமிடத்தில் தண்ணீர்க் குடம் அருகில் இருக்க வேண்டும். பழவேற்காட்டு மீனவர் ஊர்கள் சிலவற்றில் 'பாடு' என்னும் முறை வழங்குகிறது. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என்று தமக்குத் தாமே முறைவைத்து, பூசலின்றி ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு அது. ஏரியைக் காக்கச் சட்டம் வகுத்துக்கொண்ட மக்கள், கண்ணைக் காக்கவும் ஓர் ஊர்க்கட்டுப்பாடு வகுத்துக்கொள்ள இயலாதா?

சுண்ணாம்புப் பொட்டலத்தைச் சிறுவர் கையில் கொடுப்பதில்லை என்று கடைக்காரர் உறுதி பூணலாம். அழுத்தினால் வெடிக்கும் மெல்லிய உறையை விடுத்து, திருகுமூடியுள்ள கெட்டியான சிமிழில் விற்க வேண்டும் என்று உற்பத்தியாளரை அரசு பணிக்கலாம். சுண்ணாம்பு நீற்றுவோரும் சுவருக்கு வெள்ளையடிப்போரும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை போடும் நம் மாணவர்கள், ஒரு மாலைப்பொழுதில் ஒரு குவளை நீரைக் கொண்டு கண் கழுவும் முறையைத் தெருக்கூட்டத்தில் செய்து காட்டலாம். அதற்குச் செலவில்லை, பட்டமும் தேவையில்லை.

பெரியோர்களிடம் நமக்கு ஒரு பணிவான வேண்டுகோள் உண்டு. வெற்றிலையை விடுமாறு நாம் இங்கே கேட்கவில்லை. அது வேறு வழக்கு. பேரப்பிள்ளையைச் சுண்ணாம்பு வாங்க அனுப்பாதீர்கள் என்றே கேட்கிறோம். பழைய கரண்டகம் பரணில் இருந்தால் அதனை இறக்கித் துடைத்து, சுண்ணாம்பை அதிலிட்டு மூடி, குழந்தைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு. "தண்ணீர் விடாதே" என்று அஞ்சித் தடுக்கும் குரல் எழும்போது, "விடு, நிறைய விடு" என்று சொல்லும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

விளிம்பில் வாழும் சின்னஞ்சிறு குருத்தணுக்களே நடுவிழியின் தெளிவைக் காக்கின்றன. நாட்டின் விளிம்பில் வாழும் ஏரிக்கரை மக்களையும் இவ்வாறே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்துக் கண்ணுக்கு வெண்ணெயும் கரையோரக் கண்ணுக்குச் சுண்ணாம்புமாக நம் அறிவைப் பங்கிடுவது முறையாகாது. குருத்தணுவை நறுக்கி நடும் கலை சிலருக்கே கைவரும். குவளை நீரை நிறுத்தாமல் ஊற்றும் கலை எல்லார்க்கும் கைவரும். இம்மலரைக் கையில் ஏந்தும் ஒவ்வொருவரும் இன்றிரவு வீட்டில் ஒருவருக்கேனும் இதனைச் சொல்வாராயின், எங்கோ ஒரு குழந்தையின் கண்ணில் ஒளி நிலைக்கும்.